கரடி தட்டியது

எல்ராய் ப்ராக்னோவுக்கு எழுபத்திரண்டு வயது. அதில் எழுபத்தொரு வருஷம் அவர் யாரையும் நம்பவில்லை. முதல் வருஷம் எப்படியென்று அவருக்கு ஞாபகமில்லை. அதனால் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. அதற்கப்புறம் முப்பத்து நாலு வருஷம், மானிட்டோவாக் ஜில்லாவின் பார்களில் காசு போட்டு ஆடுகிற மெஷின்களைப் பிரித்து மாட்டிக்கொண்டு திரிந்தார். எந்த மெஷினும் தானாகக் கெடுவதில்லை, எவனோ பீரை ஊற்றியிருப்பான் என்பது அவர் கட்சி. பத்துக்கு எட்டுத் தடவை அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். மீதி இரண்டு தடவை பிராந்தி.

இப்போது அவரே ஒரு மெஷின் கட்டினார். ஆள் உயரத்துக்கு ஒரு பெட்டி, முக்கால் அங்குல ப்ளைவுட். உள்ளே ஒரு பழைய டிவி, சிகரெட் பாக்கெட் அளவில் ஒரு கம்ப்யூட்டர். வெளியே ஒரு பிடி, இரண்டு பட்டன். திரையில், அடுக்கி வைத்த சீஸ் வட்டுகள் மேல் ஒரு கரடி தாவித் தாவி உச்சிக்குப் போக வேண்டும். கால் தவறினால் கீழே விழும். அவ்வளவுதான் ஆட்டம். அதைக் கம்ப்யூட்டரில் எழுதிக் கொடுத்தவன் ஆஷ்காஷ் ஊர்க்காரன். அவனையும் எல்ராய் நம்பவில்லை. கரடி எத்தனை படி ஏறுகிறது என்று அவரே விரல் விட்டு எண்ணிச் சரிபார்த்தார்.

கரடி விழும்போது ஸ்பீக்கரில் ஒரு சத்தம் வரும். அதுதான் அவருக்குத் தொண்டையில் சிக்கின முள். விழுகிறது கரடி, அறுநூறு பவுண்டு. ஸ்பீக்கரில் கேட்பது பூனைத் தும்மல். பெட்டிக்குள்ளேயே நிஜ இரும்பு போய் நிஜ மரத்தில் மோத வேண்டும், ஆடுகிறவனுடைய உள்ளங்கால் அதிர வேண்டும் என்று அவருக்கு ஆசை. அந்த ஆசையில் பதினாலு மாதம் ஓடிவிட்டது. பதினாலு மாதமும் பெட்டி கார் ஷெட்டில் நின்றது. கார் வெளியே நின்றது.

புதன்கிழமை மத்தியானம் அவர் மனைவி ஆர்டிஸ் ஷெட் வாசலில் வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"எல்ராய், அந்தப் பெட்டிய எப்ப வெளிய எடுக்கப் போற?"

"முடியட்டும்."

"பதினாலு மாசமா முடியட்டும் முடியட்டும்ங்கற. புள்ள பெத்தாக்கூட ஒம்பது மாசந்தான்."

"புள்ளைக்கு ஒயரிங் கெடையாது."

"போன குளிர் பூரா என் கார் பனியில கெடந்துச்சு. விடிஞ்சா எந்திரிச்சு கண்ணாடியில ஐஸச் சொரண்டுனது யாரு?"

"நான் சொரண்டறேன்னு சொன்னேன்ல."

"ஏப்ரல்ல சொன்ன, பனியெல்லாம் உருகினப்புறம்." ஆர்டிஸ் ஒரு விரலை நீட்டினாள். "வர்ற சனிக்கிழமை சாயங்காலம் என் கார் இந்தக் கூரைக்கு அடியில நிக்கும். உன் பெட்டி எங்க நிக்கும்னு நீ பாத்துக்க. எடம் கெடைக்கலன்னா வெர்லின் ரம்பத்தோட வரான். மான் வேட்டைக்கு மரத்து மேல ஒக்கார அவனுக்குப் பலகை வேணுமாம்."

வெர்லின் க்ரான் ஆர்டிஸின் தம்பி. வயது அறுபத்தைந்து. எல்ராய் நம்பாத ஆட்களை வரிசையில் நிறுத்தினால் முதலில் நிற்பவன். கல்யாணத்தன்று எல்ராயின் தொப்பி காணாமல் போனதற்கும் அவன்தான் காரணம் என்று அவர் இன்றைக்கும் சொல்வார்.

பெட்டிக்கு இடம் தேடி எல்ராய் ஏற்கனவே ஒரு ஆளிடம் பேசி வைத்திருந்தார். தெருக்கோடியில் பார் நடத்தும் டாலி ஸாஸ்ட்ரோ. "வெள்ளி, சனி, ரெண்டு நாள் வெச்சுப் பாக்கறேன்," என்றிருந்தாள் டாலி. "வாடிக்கைக்காரங்க யாரும் முணுமுணுக்கலன்னா அது பாட்டுக்கு நிக்கட்டும். முணுமுணுத்தா அன்னிக்கே தூக்கிட்டுப் போயிரணும்." ஆக, பாரில் நின்றால் பெட்டி பிழைக்கும். இல்லையென்றால் வெர்லின் அதன் மேல் உட்கார்ந்து மான் சுடுவான்.

சத்தம் இல்லாத பெட்டியைக் கொண்டுபோய் நிறுத்த எல்ராய்க்கு மனசில்லை. அன்றைக்கே சோலனாய்டை மாட்ட உட்கார்ந்தார்.

சோலனாய்டு என்பது ஒன்றுமில்லை. செம்புக் கம்பிச் சுருள், நடுவே ஓர் இரும்புத் தண்டு. மின்சாரம் வந்தால் தண்டு பாய்ந்து போய் இடிக்கும். இதற்கு இருபத்து நாலு வோல்ட் வேண்டும். கம்ப்யூட்டரோ கரடி விழும்போது ஒரு கம்பியில் மூன்று வோல்ட் விடும். மூன்று வோல்ட்டால் ஓர் ஈயைக்கூட எழுப்ப முடியாது. இருபத்து நாலை நேரே கம்ப்யூட்டருக்குள் விட்டால் கம்ப்யூட்டர் பொசுங்கிப் போகும். அதனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு ரிலே. கம்ப்யூட்டர் ரிலேயிடம் கண்ணைக் காட்டும், ரிலே பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும். குமாஸ்தா ஜாடை காட்டினால் பயில்வான் அடிக்கிற ஏற்பாடு.

சுருளுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. மின்சாரத்தை நிறுத்தினால் கோபத்தில் வந்த வழியே திருப்பித் துப்பும். அது ரிலேயைத் தின்றுவிடாமல் இருக்க, சுருளின் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு டையோடு போட வேண்டும். டையோடின் வெள்ளைக் கோடு பாசிட்டிவ் பக்கம் இருக்க வேண்டும். எல்ராய் அதை மூன்று தரம் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நாலாம் தரம் பார்த்தார்.

ரிலேயோடு ஒரு காகிதம் வந்திருந்தது. அதை மட்டும் அவர் பார்க்கவில்லை. எழுதினவன் மூஞ்சி தெரியாமல் எழுதினதை எப்படி நம்புவது? காபி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டார்.

எல்லாம் முறுக்கி முடித்து ஸ்விட்சைப் போட்டதும் டொக்கென்று தண்டு பாய்ந்தது. பாய்ந்தது பாய்ந்தபடியே நின்றது. கரடி அசையக்கூட இல்லை, சுருள் மட்டும் வண்டு மாதிரி ரீங்காரம் போட்டது. அரை நிமிஷத்தில் வார்னிஷ் கருகும் வாடை கிளம்பியது.

"எல்ராய்!" சமையலறையிலிருந்து ஆர்டிஸ் கத்தினாள். "ஏதோ வேகுது, என் அடுப்புல ஒண்ணுமே இல்ல!"

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல!" ஸ்விட்சை அணைத்துவிட்டுத் திரும்பினால் பின்னால் வெர்லின். கையில் அளக்கும் டேப்.

"என்னடா பண்ற?"

"அளக்கறேன்."

"எதுக்கு?"

"சும்மாத்தான்." வெர்லின் பெட்டியின் பக்கவாட்டில் டேப்பை ஓட்டினான். "நல்ல பலகைய்யா. மனசு வெச்சா ரெண்டு பேர் ஒக்காரலாம்." பிறகு உள்ளே எட்டிப் பார்த்தான். "தலைகீழா மாட்டியிருக்க. கரடி விழுந்தா அடிக்கணும். உனக்கு எப்பவும் அடிச்சுக்கிட்டே இருந்து, கரடி விழுந்தா விடுது."

"தெரியும்."

காபி டப்பாவுக்கு அடியில் இருந்த காகிதத்தை வெர்லின் உருவினான். "இங்க போட்டிருக்கான் பாரு. சும்மா இருக்கறப்ப மூடியிருக்கற முனை, சும்மா இருக்கறப்ப தெறந்திருக்கற முனை. நீ மூடியிருக்கறதுல மாட்டிட்ட."

"தெரியும்னு சொன்னேன்ல! உன்ன மாதிரி ஆளு கண்டுபுடிக்கறானான்னு பாக்கத்தான் அப்படி மாட்டினேன்."

வெர்லின் காபிக்காக உள்ளே போகும் வரை காத்திருந்து, எல்ராய் ஒயரைக் கழற்றிப் பக்கத்து முனையில் முறுக்கினார். இப்போது கரடி விழுந்தால்தான் தண்டு பாய்ந்தது. ஆனால் ப்ளைவுட்டில் மோதின சத்தம் ஈரக் காலுறையைச் சுவரில் எறிந்த மாதிரி இருந்தது. எல்ராய் ஷெட்டின் மூலையைக் கிளறி ஒரு மேப்பிள் பலகைத் துண்டை எடுத்தார். ஊரில் இருந்த பௌலிங் கூடத்தை இடித்தபோது, பந்து உருட்டுகிற தரையிலிருந்து பெயர்த்துக் கொண்டு வந்தது. இரும்பு மாதிரிக் கெட்டி. அதைப் பெட்டியின் அடியில் நாலு திருகாணி போட்டு இறுக்கி, தண்டு அதில் மோதும்படி வைத்தார்.

கரடி விழுந்தது. தட்!

அவர் ஆசைப்பட்ட மாதிரியே ஒரு சத்தம். எலும்பு மரத்தில் பட்ட சத்தம். உள்ளே வெர்லின், "யாரோ கதவத் தட்டறாங்க பாருக்கா," என்று சொன்னது கேட்டது. எல்ராய்க்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரித்து ஒரு வருஷம் இருக்கும்.

அந்த மேப்பிளோடு பெயர்த்த மற்ற பலகையெல்லாம் ஊரில் எங்கே போயிற்று என்று அவர் அப்போது யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை பெட்டி பாருக்குப் போனது. வெர்லினிடம்தான் பிக்கப் வண்டி இருந்தது, வேறு வழியில்லை. அவன் கட்டின கயிற்றை நம்பாமல் எல்ராய் வண்டியின் பின்னால் ஏறி, பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டே போனார். தெருவில் இரண்டு பேர் அதைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார்கள். சவப்பெட்டி என்று நினைத்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை மீன் வறுவல் நாள். டாலியின் பாரில் உட்கார இடமில்லை. பெட்டி கவுண்டரின் ஓரத்தில் நின்றது. டாலிக்கு ஒரு பழக்கம். ஒரு ஆளுக்கு அடுத்த கிளாஸை இலவசமாகக் கொடுக்க நினைத்தால் வாயைத் திறந்து சொல்ல மாட்டாள், விரல் கணுவால் கவுண்டரில் ஒரு தட்டுத் தட்டுவாள். தட்டினால் ஊற்றியாக வேண்டும். அவள் அப்பன் காலத்திலிருந்து அந்த பாரில் அதுதான் சட்டம்.

சாயங்காலம் ஆறரைக்கு எவனோ கரடியை ஆட வைத்தான். கரடி மூன்றாவது வட்டிலிருந்து விழுந்தது. தட்!

கவுண்டரில் ஏழு தலை நிமிர்ந்தது. "ரொம்ப நன்றி டாலி!"

"எதுக்கு?"

"தட்டினியே."

"நான் எங்க தட்டினேன்? ரெண்டு கையிலயும் மீன் தட்டு வெச்சிருக்கேன்!"

"ஏழு பேர் காதுமா செவிடு? ஊத்து, ஊத்து."

ஏழு பேரோடு சண்டை போடுவதைவிட ஏழு கிளாஸ் ஊற்றுவது சுலபம். ஊற்றினாள். நுரை அடங்குவதற்குள் கரடி மறுபடி விழுந்தது. டாலி பாத்திரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு எல்ராயிடம் வந்தாள்.

"எல்ராய், இது புகார்."

"யாரு புகார் பண்ணினா? எல்லாம் சிரிச்சுக்கிட்டுல்ல இருக்கானுங்க."

"நான் பண்றேன்."

"நீ வாடிக்கைக்காரி இல்லயே. வாடிக்கைக்காரங்க முணுமுணுத்தாத்தான்னு சொன்ன."

டாலி மூலையைக் கை காட்டினாள். சொன்ன சொல்லை விழுங்குகிற ஜாதியில்லை அவள். "அந்த மூலைக்குத் தள்ளு. இந்தக் கவுண்டர் பக்கமே அது தல காட்டக்கூடாது. நாளைக்கு ஒருத்தன் வாயத் தெறந்தாலும் அது தெருவுல கெடக்கும், நானே உதைச்சுத் தள்ளுவேன்."

அந்த மூலை சீட்டாட்ட மேசைகளுக்குப் பக்கம். மறுநாள் சனிக்கிழமை, ஷீப்ஸ்ஹெட் சீட்டுப் போட்டி. வருஷத்துக்கு ஒரு தரம் நடக்கும். பரிசு பதினாலு பவுண்டில் ஒரு முழுப் பன்றித்தொடை. அதற்காக இந்த ஊர்க்காரர்கள் சொந்த அண்ணனையும் கடிப்பார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் மூன்று மேசை, மேசைக்கு ஐந்து பேர். இந்த ஆட்டத்தில் நடுவில் இரண்டு சீட்டு கவிழ்ந்து கிடக்கும். முறை வரும்போது நல்ல கை உள்ளவன் அதை எடுப்பான். வேண்டாதவன் விரல் கணுவால் மேசையை ஒரு தட்டுத் தட்டுவான், முறை அடுத்தவனுக்குப் போகும். வாயால் சொல்லக் கூடாது. குரலிலேயே கூட்டாளிக்கு ஜாடை கொடுப்பார்கள் என்று சந்தேகம். சுவரில் ஒரு பலகையில் பெரிதாக எழுதியிருந்தது: தட்டினால் தட்டினதுதான். நாற்பது வருஷமாக ஒருத்தனாவது தட்டினதைத் திரும்பப் பெற்றதாகச் சரித்திரமில்லை.

மெஷினை ஒட்டின மேசையில் வெர்லின் உட்கார்ந்திருந்தான். அதனால் எல்ராய் மெஷின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு காவல் நின்றார். யாரையும் ஆட விடவில்லை. மூன்று மணிக்கு பாரின் சமையல்காரி கையெல்லாம் மாவோடு வந்தாள். "ஒரே ஒரு ஆட்டம் எல்ராய், பத்து நிமிஷந்தான் ஓய்வு." நேற்று அவள் அவர் தட்டில் இரண்டு மீன் கூடுதலாகப் போட்டிருந்தாள். எல்ராய் நகர்ந்தார்.

வெர்லினுக்கு அன்றைக்கு ஆரம்பம் முதல் குப்பைச் சீட்டுத்தான். இப்போது புதிதாகப் போட்ட சீட்டை விரித்தவன் மூடிவிட்டு மறுபடி விரித்துப் பார்த்தான். இந்த ஆட்டத்தில் ராணிதான் பெரிய சீட்டு. நாலு ராணியும் அவன் கையில். அறுபத்தைந்து வருஷத்தில் இதுதான் முதல் தரம். முறை அவனுக்கு வந்தது. உடனே எடுத்துவிடவில்லை. ருசித்தான். இடது பக்கம் பார்த்தான், வலது பக்கம் பார்த்தான்.

சமையல்காரியின் கரடி விழுந்தது. தட்!

அடுத்த இடத்தில் இருந்த ஆர்வில் க்னாட் நடுவில் கிடந்த இரண்டு சீட்டையும் எடுத்துக்கொண்டான்.

"டேய், வைடா அத! என் முறை!"

"நீ தட்டிட்ட."

"நான் எங்கடா தட்டினேன்?"

"இங்கதான்." ஆர்வில் மேசையைக் காட்டினான்.

"என் ரெண்டு கையிலயும் சீட்டு இருக்கு. எதால தட்டுவேன், மூக்காலயா?"

"உன் மூக்கு இருக்கற சைஸுக்கு அது பண்ணும்."

வெர்லின் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "அந்தப் பெட்டிடா! எல்ராய் பெட்டிதான் தட்டிச்சு!"

மூன்று மேசையும் திரும்பியது. டாலி துணியில் கையைத் துடைத்தபடி வந்தாள். "எல்ராய், உள்ளதச் சொல்லு. தட்டினது பெட்டியா, வெர்லினா?"

எல்ராய் யோசித்தார். பெட்டி என்றால் பெட்டி இப்போதே தெருவில், சாயங்காலம் ரம்பம். வெர்லின் என்றால் பெட்டி பிழைத்தது. ஒரே ஒரு பெயர். அதுவும் பாவமில்லை. புதன்கிழமையிலிருந்து டேப்பும் கையுமாக அலைகிற பயல், அவனுக்கு நல்ல சீட்டு ஒரு கேடா? தொண்டையைச் செருமினார். "வெ..." என்று வாய் குவிந்துவிட்டது.

"அவர எதுக்கு டாலி கேக்கற?" என்றான் ஆர்வில். "நாப்பது வருஷமா இந்த மேசையில எலும்பு படற சத்தம் கேக்கறேன். இது எலும்பு. கடையில வாங்கின பொம்மைப் பெட்டி இப்படிச் சத்தம் போடுமா? அதெல்லாம் ஸ்பீக்கர். தும்மத்தான் தெரியும்."

எல்ராயின் காது சிவந்தது.

"கடையில வாங்கினதா?"

"பின்ன?"

"எல்லாரும் வாய மூடுங்க!" எல்ராய் சமையல்காரியை நகர்த்திவிட்டுப் பிடியைப் பற்றினார். கரடியை அடுக்கின் ஓரத்துக்குக் கொண்டுபோய் வேண்டுமென்றே தள்ளினார். தட்! இன்னொரு கரடி. தட்! இன்னொன்று. தட்! மேசையில் ஐந்து கிளாஸும் குதித்தன. ஆர்வில் உள்ளங்கையை மேசையில் வைத்துப் பார்த்தான்.

"மேசையில இருந்துல்ல வருது."

"பெட்டியில இருந்து வருதுடா! இருபத்து நாலு வோல்ட்! நிஜ இரும்பு! மோதறது பௌலிங் கூடத்து மேப்பிள்! ஸ்பீக்கராம் ஸ்பீக்கர்!"

"என் மேசையும் அதே கூடத்துப் பலகைதான், எல்ராய்," என்றாள் டாலி.

வெர்லின் எம்பிக் குதித்தான். "கேட்டீங்களா? நான் தட்டல! எல்ராயே சொல்லிட்டாரு!" தன்னால் ஒரு மனிதன் இத்தனை சந்தோஷப்பட்டு எல்ராய் பார்த்ததில்லை. அதுவும் இவன். மேசையில் மிச்ச நாலு பேரும் பெட்டியைத் திட்டிக் கத்தினார்கள்.

"சரி," என்றாள் டாலி. "பெட்டி வெளிய."

"டாலி..."

"ஒருத்தன் வாயத் தெறந்தாப் போதும்னேன். அஞ்சு பேர் தெறந்துட்டாங்க. கழட்டு."

நடுச்சீட்டு இரண்டையும் ஆர்வில் பார்த்துவிட்டதால் அந்த ஆட்டம் செல்லாது, மறுபடி போட வேண்டும் என்று தீர்ப்பானது. நாலு ராணியும் கட்டுக்குள் போயின. வெர்லினுக்குப் புதிதாக வந்த கை எப்படி என்று அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பல் பிடுங்கின மாதிரி உட்கார்ந்திருந்தான்.

எல்ராய் மெஷினுக்குப் பின்னால் போய் ப்ளக்கைப் பிடுங்கினார். ஒயரைச் சுற்ற ஆரம்பித்தார். மேசையில் ஆட்டம் நடந்தது. ஆர்வில் விரலால் தட்டினான். எல்லாரும் பார்க்கத் தட்டினான். அடுத்திருந்த தாடிக்காரன் இரண்டு சீட்டையும் எடுத்துப் பார்த்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அந்தச் சிரிப்பு ஆர்விலுக்குப் பொறுக்கவில்லை.

"நில்லு. நான் தட்டல."

"தட்டினியேடா!"

"நானில்ல." ஆர்வில் தலையைச் சொறிந்தான். "கரடி."

எல்ராய் ப்ளக்கைத் தூக்கிக் காட்டினார். "கரடி எப்படிடா தட்டும்? ப்ளக்கு என் கையில இருக்கு!"

"உள்ள கொஞ்சம் கரண்டு மிச்சம் இருக்கும்," ஆர்வில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பழைய டிவில எல்லாம் இருக்குமே."

"டிவில இருக்கும். அது போய் சோலனாய்ட அடிக்காதுடா!"

யாரும் கேட்கவில்லை. ஏனென்றால் இரண்டாவது மேசையில் ஒருத்தன் எழுந்திருந்தான். "அப்ப ஒரு மணிக்கு நான் தட்டினேன்னு சொன்னீங்களே, அதுவும் கரடிதான்."

"ஒரு மணிக்கு மெஷின யாரும் ஆடவே இல்ல," என்றார் எல்ராய்.

"நீ பாத்தியா?"

மூன்றாவது மேசையில் ஒருத்தன் போன வருஷப் போட்டியை இழுத்தான். போன வருஷம் அவன் தட்டினதாகச் சொல்லி ஒரு நல்ல கை போய்விட்டதாம். அதுவும் கரடி என்றான்.

"போன வருஷம் இந்தப் பெட்டி பொறக்கவே இல்லடா, பாவி!" என்று எல்ராய் அலறினார்.

"கட்டிக்கிட்டிருந்தீங்கல்ல? பதினாலு மாசம்னு ஆர்டிஸ் சொன்னா."

நாற்பது வருஷமாகத் தட்டின கையைத் திரும்ப எடுக்க வழி இல்லாமல் வெந்த ஜனங்கள். இன்றைக்கு வழி பிறந்துவிட்டது. ஒவ்வொருத்தன் முகத்திலும் ஒரு வெளிச்சம். எல்ராய் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, இந்தப் பொய்யர்கள் நடுவில் நிற்பதைவிட ரம்பமே மேல் என்று முடிவு செய்து, பெட்டியை அணைத்துச் சாய்த்தார்.

வெர்லின் வழியை மறித்தான். "எங்க தூக்கிட்டுப் போற?"

"உனக்குத்தான். மரத்து மேல ஏறி ஒக்காரு. ரம்பம் கொண்டாந்திருக்கியா?"

"ரம்பம் கெடக்கட்டும். அத வை கீழ."

"டாலிதான் எடுக்கச் சொன்னா."

"வைய்யான்னா! எனக்கு வந்திருக்கற சீட்டப் பாத்தியா நீ? கரடி இல்லாம நான் எப்படிப் பொழைப்பேன்?"

சொல்லிவிட்டு வெர்லினே மண்டி போட்டுச் சுவரோரம் தவழ்ந்து போய் ப்ளக்கைச் சொருகினான். திரையில் கரடி எழுந்து நின்றது.

டாலி மூன்று மேசையையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "யாருக்காவது இந்தப் பெட்டி மேல புகார் இருக்கா?"

பதினைந்து பேரும் சீட்டைப் பார்த்தார்கள்.

"இப்பத்தான அஞ்சு பேர் கத்தினீங்க?"

"நாங்களா?" என்றான் ஆர்வில். "அது கரடி."

டாலி துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. "நிக்கட்டும், எல்ராய்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்கப்புறம் போட்டி நகரவே இல்லை. ஒரு தட்டும் தட்டாக நிற்கவில்லை. ஒரு கை முடிய அரை மணி ஆயிற்று. எல்ராய் நடுவில் நின்று, "அது வெரல்! அதுவும் வெரல்டா, நான் பாத்தேன்! இது... இது ஒண்ணுதான் கரடி!" என்று கத்திப் பார்த்தார். யார் கேட்டார்கள்? கடைசியில் ஜெயித்தவன் யாரென்றே தெரியாமல், டாலி பன்றித்தொடையை வெட்டி எல்லாருக்கும் ரொட்டியில் வைத்துக் கொடுத்தாள். எல்ராய் தன் ரொட்டியைத் தின்றுகொண்டே வீட்டுக்கு நடந்தார்.

வீட்டு வாசலில் ஆர்டிஸ் காரில் உட்கார்ந்து, இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தாள். பனி தூற ஆரம்பித்திருந்தது.

"வெச்சுக்கிட்டாளா?"

"வெச்சுக்கிட்டா."

"அப்ப ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"பதினாலு மாசம் ஆர்டிஸ். நல்லாருக்குன்னு ஒருத்தன் சொல்லல. பொய் சொல்றதுக்கு வசதியா இருக்குன்னு வெச்சுக்கிட்டானுங்க." நடந்ததை முழுக்கச் சொன்னார். ஆர்வில் சொன்னது, போன வருஷத்துக்காரன் சொன்னது, எல்லாம். ஆர்டிஸ் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி சிரிக்காமல் கேட்டாள்.

"அதாவது எவன் எதத் தட்டினாலும் கரடி மேல போட்டுரலாம்."

"ஆமா."

"வெக்கமா இல்ல அவனுங்களுக்கு?"

"அதத்தான் நானும் கேக்கறேன்."

"நகரு. வண்டிய உள்ள விடறேன்."

எல்ராய் ஓரமாக நின்றார். பதினாலு மாதமாக அந்த ஷெட்டுக்குள் கார் போனதில்லை. அது எத்தனை குறுகல் என்று இரண்டு பேருக்குமே மறந்திருந்தது. "வலது பக்கம் பாத்து வா," என்றார். "எனக்குத் தெரியும்," என்றாள். கார் மெல்ல உள்ளே நுழைந்தது. பின் விளக்கு சிவப்பாக எரிந்தது.

தட்!

பெயிண்ட் டப்பா ஒன்று எங்கேயோ உருண்டு போய் நின்றது. இன்ஜின் அணைந்தது.

"ஆர்டிஸ்," என்றார் எல்ராய். "என்ன சத்தம் அது?"

கார்க் கண்ணாடி மெதுவாக இறங்கியது.

"எனக்கென்ன தெரியும்? கரடியா இருக்கும்."